பஞ்சு மரம்

நகராட்சிக் கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், இனி வரப்போகும் கடைவீதி பொம்மை பொம்மையாய் நிற்கிறது. கடிகாரம் பழுது பார்ப்பவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, கடையில் செய்வது போலவே ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிகிறார். தம்பியின் மூக்குக்கண்ணாடிக் கடை அப்படியே இருக்கிறது. வாசலில் கடுகளவு விளக்கு வேறு எரிகிறது. கொடுத்து வைத்தவன். நடுவில் இருப்பது ஒரே சுவர்தான், ஆனால் புதுக் கடைவீதிக்காக இடிக்கிற கோடு இவர் பக்கம் விழுந்துவிட்டது. இவர் கடை இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பஞ்சில் ஒரு மரம் நிற்கிறது. தம்பியும் பக்கத்தில் வந்து குனிகிறான்; அவன் மூச்சு கண்ணாடியில் ஆவியாய்ப் படர்கிறது. “மரம் வளந்தா என் போர்டை மறைக்குமே சார், கொஞ்சம் வெட்டிக்கலாமா?” என்று அருகில் நிற்கும் நகராட்சி அதிகாரியைக் கேட்கிறான். “அதெல்லாம் மரத்து மேல கை வைக்க முடியாதுங்க. சட்டம் இருக்கு.” தம்பியின் முகம் சுண்டிப்போகிறது. அண்ணனுக்கு ஒரு நொடி வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. மறுநொடியே வயிற்றெரிச்சல் தம்பியை விட்டிறங்கி, அந்தப் பஞ்சின் மேல் ஏறிக்கொள்கிறது. லென்ஸை எடுக்காமலே அதை முறைக்கிறார். இன்னும் நட்டுக்கூட வைக்கவில்லை; அதற்குள் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.