இரண்டாவது வெடிப்பு

அப்பளம் பொரித்துக்கொண்டே, வானியல் ஆய்வாளரான என் கணவர் சேந்தன் சொன்னார்: "குவார்க் துகளா நசுங்கிப்போன அந்த நட்சத்திரத்தோட மேலோடும் இப்படித்தான் வெடிச்சு விரியும். பெரிய வெடிப்புக்கு அப்புறம் சின்னதா ஒண்ணு கண்டிப்பா வரும், பாரு." மறுநாள் காலை அவர் உறக்கத்திலேயே போய்விட்டார்.

வானத்து வெடிப்புகளை ஒலியாக்கி, தூரத்தில் பேசுபவரையும் காட்டும் சுவர் இப்போது எல்லார் அடுப்படியிலும் உண்டு. அவர் போய் ஆறு வருடம் கழித்து, ஒரு மதியம் அந்த நட்சத்திரத்தின் பெரிய வெடிப்பில் அது அதிர்ந்தது. சேந்தனின் விளக்கத்தைக் கடைசிவரை மறுத்த நண்பர் அருளப்பன் உடனே சுவரில் தோன்றினார்.

"மதினி, இத்தோட சரி. இன்னொண்ணு வராது. அவன் சொன்னது தப்பு."

"கொஞ்சம் வாயை மூடுங்க கொழுந்தனாரே!"

கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். மெல்லிய 'டப்' ஒன்று கேட்டது.

"தோத்துட்டேன் மதினி! படுபாவி, இல்லாமலே ஜெயிச்சுட்டானே!" அருளப்பன் அங்கே குதித்தார். இங்கே என் மகள் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

நட்சத்திரத்துக்குச் சேந்தன் பெயரை வைக்கச் சொல்லி அருளப்பன்தான் எல்லாரிடமும் சண்டை போடுகிறார். அதற்கு இன்னும் ஓர் எண்தான் பெயர்.