ராஜாவின் சொத்தைப் பல்

"என்ன பாய் இது? தழும்பு அப்படியே இருக்குது!"

ஷௌகத் அலி போட்டோவை மேஜைமேல் போட்டான். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் தஸ்தகீர், படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொழிற்சாலை உலையில் பொறி தெறித்து உண்டான தழும்பு இடது கன்னத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது.

"டச்சப் பண்ணி அழிச்சிடச் சொல்லித்தானே கொடுத்தேன்?"

"நானும் சொன்னேன் பாய். உள்ள டச்சப் பண்றவங்க நெகட்டிவ்ல தீட்டுற பென்சிலைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க."

ஷௌகத்துக்குச் சுருக்கென்றது. இதற்குமுன் வந்த இரண்டு வரன்களும் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் கழன்றுகொண்டன. இந்த முறை பெண் ஊத்தங்கரை. தரகர் ஃபக்ருதீன் சாயங்கால பஸ்ஸுக்குப் படத்தோடு கிளம்புகிறார். ஆனாலும் சோர்ந்துபோகிற ஆளா அவன்? தொழிற்சாலையில் அச்சு வெட்டுகிறவன். இரும்பையே வழிக்குக் கொண்டுவருகிறவனுக்கு ஒரு டச்சப்காரர் எம்மாத்திரம்!

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தான். அதில் பழங்காலக் காசு ஒன்றின் படம். உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருக்கும் டச்சப்காரர் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினான்.

"இந்தக் காசுல இருக்கிறது யாரு தெரியுமா? ரோமாபுரி ராஜா அகஸ்டஸ். மனுஷனுக்குப் பல்லு பூரா சொத்தையாம். எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தாரு. ஆனா காசுல பாருங்க, கடைசி வரைக்கும் புது மாப்பிள்ளை! சிலை செஞ்சவனும் அதே முகத்தைச் செஞ்சான், பின்னாடி வந்து படம் வரைஞ்சவனும் அதையேதான் வரைஞ்சான். ரெண்டாயிரம் வருஷமா உலகமே அவரை அழகன்னு நம்பிக்கிட்டு இருக்குது. ராஜா பண்ணா சரி, ஷௌகத் அலி பண்ணா தப்பா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தஸ்தகீர் திரையை விலக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கிசுகிசுவென்று பேச்சு. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"அவங்க ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்தக் காசுக்கு அச்சு வெட்டினவன் ராஜாவோட நிஜ முகத்தைப் பார்த்திருப்பான்தானே?"

"பின்னே? உத்து உத்துப் பார்த்திருப்பான்," என்றான் ஷௌகத், தன் தொழிலாயிற்றே என்ற பெருமையில்.

"உனக்கு எந்த முகம் பிடிச்சிருக்குன்னு அவனை யாராவது கேட்டாங்களா?"

ஷௌகத் பத்திரிகைத் துண்டை மடித்தான்.

"இது என்ன கேள்வி பாய்? அவரு ராஜா. எந்த முகத்தோட இருந்தாலும் பொண்ணு கொடுக்க ஆள் வரும். இந்தப் படத்தைப் பார்த்துட்டு எனக்கு யாரு கொடுப்பாங்க?"

அவ்வளவு நேரம் கணீரென்று இருந்த குரல் கடைசியில் கம்மிவிட்டது. அது அவனுக்கே அவமானமாக இருந்தது.

தஸ்தகீர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஃபக்ருதீனை அவசரப்பட்டு பஸ் ஏத்திடாதீங்க. இந்த நெகட்டிவ்ல தழும்போடவே ரெண்டு பிரிண்ட் போட்டிருக்குது. ஒண்ணு இது."

"இன்னொண்ணு?"

"டச்சப் பண்றவங்ககிட்ட இருக்குது. ஒரு வாரமா கேக்கிறேன், தர மாட்டேங்குறா... என் தங்கச்சி சபீஹா."