ஒரு வண்டிக்கு மட்டும்

செடிக்காரி குனிந்து, டிரெய்லரின் பின்விளக்கின் மேல் உள்ளங்கையைக் குடைபோலக் கவித்தாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீசியன் அதைக் கண்ணாடியில் பார்த்தாள். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். கையால் நிழல் கட்டிப் பார்க்க யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் தேவை. உள்ளே ஒருவர் ஒவ்வொன்றாகப் போட, பின்னால் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

"வலது எரியுதுக்கா."

வலதைப் போட்டாள். இடது எரிந்தது. பிரேக் விளக்கில் குறையில்லை.

செடித்தொட்டிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் சின்ன டிரெய்லர். அதன் பிளக்கில் ஏழு பின். இன்று இழுக்க வந்திருப்பது செடிக்காரியின் அண்ணன் வாங்கிய புது வண்டி. அதன் சாக்கெட்டில் பதிமூன்று துளை. இரண்டுக்கும் நடுவில் ஓர் அடாப்டர் போட்டிருந்தாள். அடாப்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. இடதுக்கு வந்ததை இடதுக்கே கொடுக்கும். அப்படியானால் கோளாறு பிளக்கில்தான்.

இறங்கிப் போய்ப் பிளக்கைத் திறந்தாள்.

ஒன்றாம் பின் இடது இண்டிகேட்டருக்கு. அங்கே மஞ்சள் ஒயர் இருக்க வேண்டும். வலதுக்கு நான்காம் பின், பச்சை ஒயர். இங்கே மஞ்சளும் பச்சையும் இடம் மாறியிருந்தன. அவசரத்தில் மாறியவை போலவும் இல்லை. முனைகளை மடித்து, முறுக்கி, அளவாக இறுக்கியிருந்தது பொறுமையான ஒரு கை.

தெரிந்தே யாரும் இப்படி மாற்ற மாட்டார்கள், இழுக்கிற வண்டியின் சாக்கெட்டும் மாறியிருந்தால் தவிர. தப்போடு தப்பு சேர்ந்தால் விளக்கு ஒழுங்காக எரியும்.

அப்படி ஒரே ஒரு வண்டியைத்தான் அவளுக்குத் தெரியும். அது பட்டறைக்குப் பின்னால், அவள் வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.

முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டாள். "இதுவரைக்கும் யார் வண்டி இழுத்துச்சு?"

"தெரிஞ்சவர் ஒருத்தர். ஞாயித்துக்கிழமை ஆனா அவரே வந்து மாட்டிட்டுப் போயிடுவார். நாளைக்கு மட்டும் முடியாதாம்." செடிக்காரி சிரித்தாள். "வீட்டை விட்டு நகரக் கூடாதுன்னு சம்சாரம் சொல்லிட்டாங்களாம். கறாரான பொம்பள போல."

அந்தக் கறாரான பொம்பளை எதையோ தேடுவதுபோல் கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்புவான். மீன் மட்டும் ஒருநாளும் வீடு வந்து சேர்ந்ததில்லை. உன்னைக் கண்டால் மீன்களுக்கு அவ்வளவு இளக்காரமா என்று அவள் கேலி செய்வாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

"பிளக்கச் சரி பண்ணிடறேன். அப்புறம் எந்த வண்டிக்கும் போகும்."

"வேண்டாம்க்கா, அதைத் தொடாதீங்க. அடாப்டர்லயே மாத்திக் கொடுங்க. அடுத்த வாரம் அவர் வண்டி வந்துடும்ல."

வந்துவிடுமாம். எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாள்.

கேட்டபடியே செய்து கொடுத்தாள். அடாப்டரைத் திறந்து இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போட்டு, மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அந்தக் கை விளக்கின் மேல் மீண்டும் கவிந்தது. நகமெல்லாம் மண். அப்படியொன்றும் அழகான கை இல்லை. அழகியாக இருந்திருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

"இப்ப சரியா இருக்குக்கா."

டிரெய்லர் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். இடது விளக்கு இடதில் மினுங்கியது.

பிறகு திருப்புளியோடு வீட்டுப் பக்கம் போனாள். வண்டியின் பின்பக்கமாக மல்லாந்து படுத்து, தலையை முதலில் விட்டு அடியில் நகர்ந்தாள்.

கல்யாணமான புதிதில் இந்தச் சாக்கெட்டைப் பொருத்தியதும் இப்படிப் படுத்துத்தான். அவள் செய்த முதல் வேலை. இந்த வாக்கில் படுத்தால் தன் இடக்கைப் பக்கம் வண்டிக்கு வலப்பக்கம் என்பது அன்று உறைக்கவில்லை. இடக்கைப் பக்கம் இருந்த விளக்கின் ஒயரை இடது என்றே இணைத்துவிட்டாள்.

தப்பு தெரிந்ததும் அவிழ்க்கப் போனவளை அவன் தடுத்தான். நீ செஞ்ச முதல் வேலை, இருக்கட்டும் என்றான். அப்போதிருந்த தங்கள் டிரெய்லரின் பிளக்கை அதற்குத் தோதாக அவனே மாற்றினான். அவள் உள்ளிருந்து ஒவ்வொன்றாகப் போட, பின்னால் நின்று விளக்குக்குக் கை கவித்துச் சொன்னான். அந்த டிரெய்லர் துருப்பிடித்து எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தப்பு மட்டும் இருவருக்குமான ரகசியமாக, இத்தனை வருஷம் வண்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

இருவருக்கும் மட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சளைக் கழற்றினாள். பச்சையைக் கழற்றினாள்.

செருப்புச் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. அடியிலிருந்து பார்க்க அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"அங்க என்ன பண்ற?"

"சாக்கெட்டச் சரி பண்றேன். இனிமே இடதுன்னா இடதுதான்."

இவ்வளவு காலம் விட்டுவிட்டு இன்றைக்கு எதற்கு என்று கேட்பான். அதற்காகத் திருப்புளியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பாதங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அவன் கேட்கவில்லை.