புது நடை

ஏரிக்கரையில் நாரைகளுக்கென்று ஓர் உயர்தர நாட்டியப் பள்ளி இருந்தது. உயர்தரம் என்றால், அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டே பொறாமைப்படுவதுதான் வழக்கம்.

விழாவில் நடுவில் நின்று ஆடும் இடத்துக்கு, செவ்வலகு, நெடுங்கால் என்ற இரண்டு இளம் நாரைகளுக்குள் போட்டி. தேர்வு நெருங்கும் நேரத்தில் செவ்வலகு ஒரு கல்லில் இடறிக் காலைச் சுளுக்கிக்கொண்டது. மறுநாள் வகுப்புக்கு நொண்டிக்கொண்டே வந்தது.

“அய்யோ செல்லம், காலுக்கு என்னாச்சு?” என்று நெடுங்கால் ஓடிவந்தது. சந்தோஷத்தில் அதற்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுளுக்கு என்று சொன்னால் நடு இடம் போய்விடும். “ஒண்ணும் ஆகலடி. இது புது நடை” என்றது செவ்வலகு.

அன்று சாயங்காலமே நெடுங்கால் நாணல் மறைவில் நொண்டிப் பழகியது. அதைப் பார்த்து மற்றவையும் பழகின. சீக்கிரமே பள்ளி முழுக்க நொண்டியது. டீச்சர் நாரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டீச்சர் ஆயிற்றே! “இதைத்தானே இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்துறேன்!” என்றது.

தேர்வுக்குள் செவ்வலகுக்குக் கால் சரியாகிவிட்டது. இரண்டு காலையும் ஒழுங்காக ஊன்றி அழகாக ஆடியது.

டீச்சர் சிறகால் முகத்தை மூடிக்கொண்டது. “நல்லா வரவேண்டிய பொண்ணு. உழைப்பு போதல.”

நடு இடம் நெடுங்காலுக்குப் போனது. அது ஓடிவந்து செவ்வலகைக் கட்டிக்கொண்டது. “மனசை விட்டுடாதடி. நொண்டுறதுல ஏதாவது சந்தேகம்னா என்கிட்ட கேளு.”

செவ்வலகு அன்றைக்கே அந்தக் கல்லைத் தேடிப் போனது.