சோனாகட் டாக்டர்

மீன் லாரியிலிருந்து இறக்கிய ஐஸ் கட்டியைக் கோணிப்பையில் போட்டுச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

உடைத்ததை நடுரோட்டில் தார்ப்பாயில் கிடத்தியிருந்த பிணத்தைச் சுற்றி அடுக்கினார்கள்.

தாசில்தார் ஸ்ரீதர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இந்த ஊருக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. திக்லிபூர் ஆபீஸில் அவரிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போடும்வரை பிணத்தை எடுக்க விடமாட்டேன் என்று பிரதான் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிரதான் என்றால் பஞ்சாயத்துத் தலைவி. பெயர் உமா மகேஸ்வரி. பிணத்தின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கல்லாவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீதரின் அப்பா ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். அழுகுகிற சரக்கு எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் முதலில் இறங்கி வருவான், அதுவரை நீ வாயைத் திறக்காதே என்பார்.

ஸ்ரீதர் திறக்கவில்லை. வெயில் அவர் பக்கம் இருந்தது.

இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பாராடாங் ஃபெர்ரியைப் பிடித்து போர்ட் பிளேர் போகவேண்டிய பஸ்ஸிலிருந்து ஒரு பெங்காலிக்காரர் இறங்கி வந்தார்.

"தீதி, மேரா ஷிப் சூட் ஜாயேகா," என்று கப்பலுக்காகக் கெஞ்சினார்.

"கல் பீ ஷிப் ஆயேகா, தாதா. பைட்டோ."

நாளைக்கும் கப்பல் உண்டாம், உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார்.

ஸ்ரீதரின் போன் அடித்தது. போர்ட் பிளேரிலிருந்து மேலதிகாரி.

"சோனாகட் தீவுல ஒரு டாக்டர் இருக்கான்ல? அவனைத் தூக்கி அங்க போட்டுடலாம். நீ சரின்னு சொல்லு, ஆர்டர் அனுப்பறேன்."

"அந்தத் தீவுக்கே அவர் ஒருத்தர்தான் சார்."

"சோனாகட்காரன் ரோட்டுல உக்காரலையேப்பா."

ஸ்ரீதர் வேண்டாம் என்றார். சாயங்காலத்துக்குள் இவளே எழுந்துவிடுவாள், 'பார்க்கலாம்' என்று ஒரு வாய்வார்த்தை சொன்னால் போதும் என்றார். ஒரு கடைச் சரக்கை எடுத்து இன்னொரு கடையில் அடுக்குவதற்குப் பெயர் நிர்வாகமா? போனை வைத்தபோது தன்மேல் அவருக்கே கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

மதியத்துக்கு மேல் ஐஸ் தண்ணீராகி ரோட்டுச் சரிவில் ஓடியது. இனிமேல் கட்டி இல்லை என்று மீன்காரர் கையை விரித்தார்.

இதுதான் சமயம். ஸ்ரீதர் இறங்கினார். பிரதானிடம் போகவில்லை. வேலியோரம் குந்தியிருந்த புருஷன்காரனிடம் போனார். கோகுல் என்று பெயர். விற்கிறவன் முறுக்கினால் அவன் கூட்டாளியைக் கலைத்துவிடு என்பதும் மண்டியில் கற்றதுதான்.

"தம்பி, உன் பொண்டாட்டிய வெச்சு அந்தம்மா அரசியல் பண்ணுது. நீ ஒரு வார்த்தை சொல்லு. போலீஸ் இருக்கு, இப்பவே எடுத்து மரியாதையா அடக்கம் பண்ணிடலாம்."

கோகுல் நிமிர்ந்து பார்த்தான். அழுது முடித்த முகம்.

"அத்தைகிட்ட கேளுங்க சார். பெத்தவங்க அவங்க."

ஸ்ரீதருக்கு நாற்காலிப் பக்கம் திரும்பக் கொஞ்ச நேரமாயிற்று.

கேட்காமலே உமா மகேஸ்வரி பேசினார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுகிற அதே குரல்.

"போன மழைக்காலத்துல கருப்பாயி பொண்ணும் இப்படித்தான் போச்சு. அதுக்கு முந்தி ராணி. ஒருநாள் ரோட்டுல வைப்போமான்னு கேக்கத்தான் ரெண்டு வீட்டுக்கும் போனேன். அடுத்தவங்க பிள்ளைய வெச்சு எப்படி சார் பேரம் பேசறது? கேக்காமலே மாலையப் போட்டுட்டு வந்துட்டேன்."

சேலைத் தலைப்பால் தார்ப்பாயின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரை ஒற்றினார்.

"இது என்னோடது."

ஸ்ரீதர் ஜீப்புக்குத் திரும்பிப் போர்ட் பிளேருக்குப் போன் போட்டார். "சரி சார்" என்று மட்டும் சொன்னார். எதற்கும் வாரக்கணக்கில் நகராத ஆர்டர், அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போனில் வந்து விழுந்தது.

கொண்டுபோய்க் காட்டினார். உமா மகேஸ்வரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"சோனாகட்ல இவருக்குப் பதிலா யாரு?"



வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஸ்ரீதர் நினைத்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றும் நினைத்தார்.

உமா மகேஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தூக்குங்கப்பா."

நாலு பேர் குனிந்தார்கள். பஸ்காரர்கள் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள். எங்கேயோ ஒரு ஹாரன் அடித்து, யாரோ அதட்ட, நின்றது.

உமா மகேஸ்வரி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சோனாகட் பிரதான் யாரு சார்?"

"ரவிச்சந்திரன்."

"அவருக்குப் பொண்ணு இருக்கா?"