நிறுத்துகிற தோட்டா

"ஆளைக் கொல்லாம, நிறுத்த மட்டும் செய்ற தோட்டா ஏதாவது இருக்கா?"

எல்வுட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையிலிருந்து மான் வேட்டைக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையடிவார ஊருக்கு இருந்தது அவருடைய துப்பாக்கிக் கடை ஒன்றுதான். நவம்பர் பிறந்துவிட்டால் உட்கார நேரம் கிடைக்காது. முழங்கால் வேறு குத்தி எடுத்தது.

எதிரே இரண்டு பெண்கள் நின்றார்கள். கேட்டவளுக்கு அறுபது வயதிருக்கும். நோரீன் என்று பெயர் சொன்னாள். கூட வந்தவள் டெஸ்ஸா, இளம்பெண். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கண்ணுக்குக் கீழே வீக்கம் வற்றி மஞ்சள் பூத்திருந்தது.

"அப்படி ஒண்ணு கிடையாது மேடம்," என்றார் எல்வுட். "சுடறதுன்னு வந்துட்டா, அவன் செத்தாலும் செத்துப்போவான்னு தெரிஞ்சுதான் சுடணும்."

நோரீன் மெல்லத் தலையாட்டினாள். இந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் போலிருந்தது.

டெஸ்ஸா பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழைய நயன் எம்.எம். கைத்துப்பாக்கி. யாரோ பொறுப்பாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.

"என் வீட்டுக்காரரோடது," என்றாள் நோரீன். "அவர் போய்ச் சேர்ந்துட்டார். நான்தான் இவகிட்ட கொடுத்தேன்."

எல்வுட் ஒரு பெட்டியைத் திறந்தார்.

"இது பழகறதுக்கு. முனை உருண்டையா இருக்கு பாரும்மா. விலை மலிவு. குறி அட்டையில எவ்வளவு வேணாலும் சுட்டுத் தள்ளு. ஆனா வீட்டுல இதைப் போட்டு வச்சுக்காதே. ஆளைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். அப்புறம் சுவரையும் துளைக்கும்."

"சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாப்பா தூங்குவா," என்றாள் டெஸ்ஸா. அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அப்ப வீட்டுக்கு இதுதான்." இன்னொரு பெட்டியை நகர்த்தினார். "முனையில குழி இருக்குல்ல? உடம்புல பட்டதும் விரிஞ்சு, பெரும்பாலும் உள்ளேயே நின்னுடும். ஆனா குறி தப்பினா இதுவும் சுவரைத் துளைக்கும். அதனால நீ பழகித்தான் ஆகணும்."

"கனமான கோட்டு போட்டிருந்தா?" என்று நோரீன் குறுக்கிட்டாள். "கெட்டியான கேன்வாஸ் துணி. உள்ள கம்பளி வச்சுத் தச்சது. குளிர் விடற வரைக்கும் அதைக் கழட்டமாட்டான்."

எல்வுட் அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு.

"மட்டமான தோட்டான்னா அந்தக் குழியில துணி அடைச்சுக்கும், விரியாது. இது கனத்த துணியில சுட்டுப் பார்த்துச் செஞ்சது. சுடும்போது பின்னாடி உதைக்கிறதும் கம்மி. கட்டுப் போட்ட கையோட சமாளிச்சுக்கலாம். ஆள் எப்படி, பெரிய உடம்பா?"

"ஆறடிக்கு மேல," என்றாள் நோரீன். "தோளால ஒரு இடி இடிச்சா சமையக்கட்டுக் கதவு தாங்காது."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"கிட்ட வரக்கூடாதுன்னு ஜட்ஜே எழுதிக் கொடுத்திருக்கார்," என்றாள் டெஸ்ஸா. யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வது போலச் சொன்னாள். "போன் பண்ணினா போலீஸ் வராம இல்ல. மலைப்பாதையில ஏறி வர்றதுக்குள்ள அவன் அடிச்சு முடிச்சு, பீரைத் திறந்துட்டு உக்காந்திருப்பான். பிடிச்சுட்டுப் போவாங்க, விட்டுடுவாங்க. வெள்ளிக்கிழமை மறுபடியும் விடறாங்க."

"வேற ஊர் பக்கம் போயிடக் கூடாதா?"

"போனேன் சார். தேடிட்டு வந்துட்டான்."

எல்வுட் பெட்டிகளோடு ஒரு காதுமூடியையும் எடுத்து நீட்டினார்.

"பின்னாடி சுடற இடத்துல எங்க ஆள் இருக்கார், சொல்லித் தருவார். முதல்ல உருண்டை முனையில பழகு. கை படிஞ்சதும் குழி முனையிலயும் கொஞ்சம் சுட்டுப் பாரு. பழைய துப்பாக்கி சில தோட்டாவை ஏத்துக்காது, நடுவுல சிக்கிக்கும். அது உனக்கு இங்கேயே தெரிஞ்சுடணும். அவன் கதவை உடைக்கிற நேரத்துல தெரியக் கூடாது."

"நீங்களும் வாங்களேன்மா," என்றாள் டெஸ்ஸா.

"நீ போ கண்ணு. நான் இங்கேயே நிக்கிறேன்."

சற்று நேரத்தில் பின்பக்கம் முதல் வெடி கேட்டது. நோரீனின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றின. அடுத்த வெடிக்குத் தோள்கள் குலுங்கின. ஒவ்வொரு வெடியும் அவள் மேலேயே விழுவது போல இருந்தது.

"துப்பாக்கிச் சத்தம் பழக்கமில்லையோ?" என்று கேட்டபடி எல்வுட் ஒரு கோப்பையில் காப்பியை ஊற்றி அவள் பக்கம் தள்ளினார்.

"கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து மான் வேட்டைக்குப் போறவ நான்."

காப்பியை அவள் தொடவில்லை. எல்வுட் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த மாதிரிப் பொண்ணுங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க மேடம். தனியா வருவாங்க, எதை வாங்கறதுன்னே தெரியாது. எனக்கே அலுத்துப் போச்சு. ஏதோ இவ குடுத்து வச்சவ, தாய் நீங்க துணைக்கு வந்திருக்கீங்க." குரலில் லேசாகச் சூடு ஏறியது. "தப்பா நினைக்காதீங்க, எனக்கும் ரெண்டு பொண்ணுங்க, அதான் வயிறு எரியுது. அந்தப் பயலைப் பெத்தவ எங்கேயோ நிம்மதியா உக்காந்து டிவி பார்த்துட்டிருப்பா. அவளை இங்க கொண்டாந்து நிறுத்தி, என்ன லட்சணத்துல பிள்ளை வளர்த்தேன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

பின்பக்கம் மறுபடியும் ஒரு வெடி. நோரீன் கண்களை மூடித் திறந்தாள்.

"அதான் வந்து நிக்கிறேனே," என்றாள். "கேளுங்க."