மிளகுக்குக் கிராப்பு

"ஏண்டி சுந்தரி, நெஞ்சுல ஈரமே கிடையாதா உனக்கு? அவர் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து நாயை இப்படி மழிச்சு விட்டிருக்கியே!"

பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

திரிபுரசுந்தரி நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் படுத்திருந்தது மிளகு. நேற்றுவரை உடம்பு முழுக்கக் கறுகறுவென்று சுருட்டை முடி. இன்று ஒரு விரல்கடைக்கு மேல் இல்லை.

"மழிக்கலை மாமி, கிராப்பு வெட்டியிருக்கு. காலம்பற போட்ல எறணாகுளம் கொண்டுபோய், மிருக ஆஸ்பத்திரியில மெஷின் போட்டு வெட்டிண்டு வந்தேன்."

"சிவசங்கரன் அதை எப்படி வளர்த்தார்! மட்டாஞ்சேரியே நின்னு பார்க்குமே!"

உண்மைதான். மிளகு ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ரிடையர் ஆன சிவசங்கரனுக்கு, துறைமுகத்தில் வேலை பார்க்கும் முகமது இஸ்மாயில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிக் கொடுத்த குட்டி அது. சாயங்காலமானால் வராந்தாவில் உட்கார்ந்து அவர் சீவிவிடுவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று ரசிப்பார்கள்.

"ரசிக்கறவாளுக்கு என்ன மாமி? இந்த மழையில ஈரம் பட்டாலே சடை சடையாச் சிக்கு விழறது. மணிக்கணக்கா இழுத்து இழுத்துச் சீவணும். நாய் கத்தறது. வீடெல்லாம் ரோமம். பெருக்கறது நான்தானே?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். எனக்கு முடியலை. வெட்டிட்டேன்."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே செய்தி எட்டிவிட்டது. புருஷன் ஆசையாக வளர்த்ததைச் சோம்பேறித்தனத்தால் அலங்கோலம் பண்ணிவிட்டாள்.

திருப்பூணித்துறையில் மருமானின் கல்யாணத்துக்குப் போயிருந்த சிவசங்கரன் சாயங்காலம் திரும்பினார். படகுத்துறையில் சேர்ந்துகொண்ட இஸ்மாயிலும் கூடவே வந்தார்.

வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த மிளகைப் பார்த்துச் சிவசங்கரன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே சுந்தரி? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டா விட்டிருக்க மாட்டேள். உள்ளே வாங்கோ."

வராந்தாவில் ஒரு மேஜை தயாராக இருந்தது. மேலே, கால் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்திருந்தாள். மிளகைத் தூக்கி அதன்மேல் நிறுத்தி, அதன் வாயில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்தாள். குழந்தைக்குத் தலைவாருகிற மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கணவரிடம் நீட்டினாள்.

"இனிமே இதுதான். குனியவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். சும்மா தடவிவிடுங்கோ."

சிவசங்கரன் தயங்கினார். இரண்டு கையாலும் பிரஷைப் பிடித்து, முதுகில் வைத்து மெதுவாக இழுத்தார்.

எங்கேயும் சிக்கவில்லை. மிளகு கத்தவில்லை. குதித்து ஓடவும் பார்க்கவில்லை. தேங்காயை மென்றுகொண்டே அவர் பக்கம் இன்னும் நெருங்கி நின்றது.

முதுகு, வயிறு, கால்கள், காதுக்குப் பின்புறம். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் நம்ப முடியாமல்.

"அவ்வளவுதான். இனி நீளமா வளர விடப் போறதில்லை. மாசாமாசம் கிராப்பு. நான் சொன்னா சொன்னதுதான்."

சிவசங்கரன் மிளகின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இஸ்மாயில், நான் சொன்னதை மறந்துடு. இவன் இங்கேயே இருக்கட்டும்."

குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் உள்ளே போனதும் இஸ்மாயில் பொரிந்து தள்ளினார்.

"சேச்சி, போன வாரம் சாமி என்னைத் தேடி வந்து, 'மிளகு எனக்கு அலுத்துப்போச்சு, நீயே கொண்டுபோயிடு'ன்னார். அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். உயிரா வளர்த்த நாய் மனுஷனுக்கு அலுக்குமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். இப்பல்லே மனசிலாச்சு! ரோமம், பெருக்கறதுன்னு நீங்க குடுத்த தொந்தரவு. சாமியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே இந்தத் தெருவுல மூணு வீட்டுல இதையே சொல்லக் கேட்டேன். சாமி சொன்னாலும் சரி, மிளகை உங்ககிட்ட விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லை."

திரிபுரசுந்தரி உள்ளே எட்டிப் பார்த்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்குக் கை நடுங்கறது, இஸ்மாயில்பாய்."

இஸ்மாயில் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளாவே இருக்கு. டாக்டர்கிட்டப் போறார். என்கிட்ட பென்ஷன் விஷயமாப் போறேன்னு சொல்றார். போன வாரம் சிக்கை வெட்டறச்சே கத்தரி நழுவி, மிளகோட காதுல பட்டு ரத்தம் வந்துடுத்து. அதைக் கட்டிண்டு அவர் அழுததை ஜன்னல் வழியாப் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் உங்களைத் தேடி வந்திருக்கார் போலிருக்கு. அலுத்துப்போச்சாம்! இனிமே கத்தரி வேண்டாம், சிக்கு எடுக்க வேண்டாம். கை எப்படி ஆடினாலும் அந்த பிரஷ் வலிக்காது."

இஸ்மாயில் மிளகின் காதை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இதைச் சாமிகிட்டயே சொல்லியிருக்கலாமே, சேச்சி? தெருவே உங்களை ஏசுதே!"

"ஏசிட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும்கறது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."